பெட்டிக்குள் ஒரு காந்தம்

நான் தராசு சரிபார்க்கிறவன். இறைச்சிக்கடைத் தராசு, மருந்தகத் தராசு, லொறியோடு சேர்த்து நிறுக்கும் பெரிய தராசு என்று எல்லாவற்றின் முன்னாலும் என் படிக்கற்களோடு போய் நின்று, அது சொல்வது உண்மைதானா என்று பார்ப்பது ஒக்லாந்தில் இத்தனை வருடமாக என் பிழைப்பு. ஒரு பொருளின் பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும் அதை நம்பாமல் இருப்பது தொழில் தந்த குணம். என் மனைவி இதைக் குணம் என்று சொல்வதில்லை. தலையிடி என்பாள்.

அதனால் கைத்துப்பாக்கியைத் தாங்குவதற்கு ஒரு காந்தம் தேவைப்பட்டபோது மூன்று காந்தம் வாங்கினேன். மூன்றையும் நம்பவில்லை.

துப்பாக்கி என்றதும் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களின் முகத்தில் எழும் கேள்வி எனக்குத் தெரியும். கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போது ஒருவர் கேட்டே விட்டார். "அதுக்குப் பயந்துதானே ஐசே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்?" நியாயமான கேள்விதான். பத்தொன்பது வயதில் ஒரு சந்தியில், வெயிலில், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கியபடி அரை நாள் நின்றவன் நான். அப்படிப்பட்டவன் ஐம்பது தாண்டிய பிறகு காசு கட்டித் துப்பாக்கி சுடப் போனால் யாருக்கும் கேட்கத் தோன்றும்.

என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனவர் என்னோடு வேலை செய்யும் மதுரைக்காரர். கிளென் ஈடனைத் தாண்டி, மலைத்தொடரின் அடிவாரத்தில் அவருடைய துப்பாக்கிக் கழகத்தின் சுடுதளம் இருந்தது. "ஒரு தடவை வந்து பாருங்க சார். சும்மா பேப்பர்ல ஓட்டை போடுறதுதான். வேற ஒண்ணும் இல்ல" என்று ஆறு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய வாயை அடைக்கத்தான் ஒரு சனிக்கிழமை போனேன்.

போய்ப் பார்த்தால் அங்கே யாரும் குரலை உயர்த்தவில்லை. ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு விதி. எடுப்பதற்கு முன் கேட்க வேண்டும். சுட்டு முடிந்ததும் உள்ளே ஒன்றும் இல்லை என்று திறந்து காட்ட வேண்டும். பக்கத்தில் நிற்பவர் குனிந்து பார்த்து ஆம் என்று சொன்ன பிறகுதான் கீழே வைக்கலாம். துப்பாக்கியைத் தொடுவதற்கு முன் அனுமதி கேட்கும் மனிதர்களை என் வாழ்க்கையில் அங்கேதான் முதன்முதலாகக் கண்டேன். முதல் பத்துக் குண்டுகளும் தாளில் எங்கெங்கோ போய் விழுந்தன. என் கையில் எவ்வளவு நடுக்கம் இருக்கிறது என்பதை அந்தத் தாள் முகத்துக்கு நேரே சொல்லியது. அது எனக்குப் பிடித்துவிட்டது. அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

அன்று வீட்டுக்கு வந்தபோது மனைவி கதவடியில் நின்று மூக்கைச் சுருக்கினாள். "கையைக் கழுவிப்போட்டு வாங்கோ" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே இடம், அதே வார்த்தை. ஈயத் தூசி கையில் இருக்கும், சாப்பிடுவதற்கு முன் கழுவுங்கள் என்று கழகத்திலும் எழுதி ஒட்டியிருந்தார்கள். அதனால் அதில் வேறெதையும் நான் யோசிக்கவில்லை.

பல மாதங்கள் கழகத்தின் துப்பாக்கியால்தான் சுட்டேன். பலர் கை பட்டது, என் கைக்குச் சற்றுப் பெரியது. சொந்தமாக ஒன்று, சிறிய குண்டுபோடும் இலக்குத் துப்பாக்கி, வாங்க வேண்டும் என்ற ஆசை மெல்ல மெல்லப் பிடித்துக்கொண்டது. அதற்கு இந்த நாட்டில் சும்மா விட்டுவிடமாட்டார்கள். தனி அனுமதி வேண்டும். வீட்டில் இரும்புப் பெட்டி வேண்டும், அதைக் கொங்கிரீட்டில் ஆணி இறுக்கிப் பூட்ட வேண்டும். ஒரு அதிகாரி வீட்டுக்கே வந்து பார்ப்பார். பார்ப்பதோடு நிற்காமல் மனைவியைத் தனியாக இருத்திப் பேசுவார்.

ஆகவே முதலில் மனைவியிடம் பேச வேண்டும். அவள் மருந்தகத்தில் வேலை செய்கிறாள். வயதானவர்களுக்கு வாரத்து மாத்திரைகளை நாள்வாரியாகப் பிரித்து அடுக்குவது அவளுடைய வேலை. நான் சொல்லி முடிக்கும் வரை கறிவேப்பிலையை உருவிக்கொண்டிருந்தாள்.

"எங்கட மருந்துக்கடையிலயும் பூட்டி வைக்கிற சாமான் இருக்கு" என்றாள். "ஆனா அதுக்குப் பக்கத்து அறையில நான் படுக்கிறேல்லை."

"வேண்டாமெண்டா விடுவம்."

"வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை. ரெண்டு விசயம் சொல்லுறன். ஒண்டு, அதைத் துணியில சுத்தி வைக்கப்படாது. உறைக்குள்ள, பைக்குள்ள, ஒண்டுக்குள்ளயும் வைக்கப்படாது. பெட்டியைத் திறந்தா உடன கண்ணுக்குத் தெரியவேணும். ரெண்டாவது, எனக்கு நித்திரை வராட்டி ஒரு சொல்லுச் சொல்லுவன். அண்டைக்கே கொண்டுபோய்க் குடுத்துப்போட வேணும். ஏனெண்டு கேக்கப்படாது."

சரி என்றேன். ஏன் துணி என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கக்கூடாது என்பது இரண்டாவதற்கு மட்டுமா, முதலாவதற்கும் சேர்த்தா என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

என் மனைவி தலையணையில் தலை வைத்தால் தூங்கிவிடுவாள். குறட்டையும் விடுவாள். இருபத்திரண்டு வருடமாக அதை அவள் ஒப்புக்கொண்டதில்லை. அவளுடைய தூக்கத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, அதைவிட அதிகமாக ஒரு நிம்மதியும் உண்டு. எனக்கு அந்தத் துப்பாக்கி வேண்டும். அவளுக்கு அந்தத் தூக்கம் வேண்டும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்குமா என்பதற்கு என்னிடம் படிக்கல் இல்லை.

அவளுடைய முதல் நிபந்தனைதான் என்னைக் காந்தத்துக்குக் கொண்டுபோய் விட்டது. கடைகளில் விற்கும் கடற்பஞ்சு அச்சுக்குள் துப்பாக்கியைப் படுக்க வைக்கலாம். ஆனால் அது பாதியை மூடிவிடும். ஒக்லாந்தின் ஈரத்துக்குப் பஞ்சு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு துருவையும் கொண்டுவரும். மரத்தில் தாங்கி செய்யலாம் என்றால் பெட்டிக்குள் அவ்வளவு இடம் இல்லை. பெட்டியின் பக்கச் சுவரில் ஒரு காந்தத்தைப் பொருத்தி, துப்பாக்கியின் இரும்புப் பக்கத்தை அதில் ஒட்டிவிட்டால், கதவைத் திறந்ததும் முழுதாகத் தெரியும். காற்றும் படும்.

காந்தம் விற்கும் இணையப் பக்கங்களைப் பார்த்தால் ஆளுக்கு மயக்கம் வரும். எல்லாம் அமெரிக்கப் படங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில், மேசைக்கு அடியில், காரின் ஸ்டியரிங்குக்குக் கீழே என்று கைத்துப்பாக்கியைக் காந்தத்தில் ஒட்டி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அப்படி இங்கே ஒட்டி வைத்தால் அனுமதியும் போகும், ஆளும் உள்ளே போகவேண்டி வரும். மனைவி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். கட்டில் படத்தில் அவள் கண் நின்றது. நான் பக்கத்தைச் சட்டென்று தள்ளிவிட்டேன்.

மூன்று காந்தமும் வந்து சேர்ந்ததும் குசினி மேசையில் வைத்துச் சோதித்தேன். துப்பாக்கி இன்னும் கையில் இல்லை. அதற்குப் பதிலாக வீட்டில் இருந்த பாக்குவெட்டியை எடுத்தேன். நல்ல பழைய இரும்பு, பிடிக்க வாகான பிடி. அதனோடு என் படிக்கற்களைக் கம்பியால் கட்டி, துப்பாக்கியின் எடைக்குக் கொண்டுவந்தேன். காந்தங்களை மாற்றி மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியின் பக்கத்தில் ஒட்டினேன்.

முதலாவது காந்தம் பொல்லாதது. ஒட்டியதைப் பிடுங்கக் காலை ஊன்றி இழுக்க வேண்டியிருந்தது. அப்படி இழுக்கும்போது விரல் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. துப்பாக்கியை எடுக்கும் கை அவசரப்படவும் கூடாது, திணறவும் கூடாது. அதன் வெறும் இரும்பு முகம் பாக்குவெட்டியில் ஒரு கீறலும் போட்டுவிட்டது. இரண்டாவது, பெட்டியில் வீரம் பேசியது. ஒட்டியபோது நன்றாகத்தான் நின்றது. நான் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால் பாக்குவெட்டி கோட்டிலிருந்து ஒரு சாண் கீழே நின்றது. நேரே பிடித்து இழுத்தால் தாங்கும் எடை ஒன்று, சுவரில் தொங்கும்போது வழுக்காமல் தாங்கும் எடை வேறொன்று. பெட்டியில் முதல் எடையை மட்டும் போடுவார்கள். தராசுக்காரனை ஏமாற்ற அது போதாது.

மூன்றாவது அகலமானது, மேலே தடித்த ரப்பர். ஒரு வாரம் தொங்கவிட்டேன், இரண்டு மடங்கு எடையோடு. பென்சில் கோட்டிலிருந்து அசையவில்லை. எடுக்கும்போது ஒரு ஓரத்தைச் சாய்த்தால் சத்தம் போடாமல் விட்டுவிடும். வைக்கும்போது மட்டும் டக் என்று ஒரு அடக்கமான சத்தம்.

அதன் இழுவை எவ்வளவு தூரம் எட்டும் என்றும் தெரிய வேண்டும். "ஒரு பின் தாரும்" என்று மனைவியிடம் கையை நீட்டினேன். எங்கள் பெண்கள் பலரையும் போல அவளுடைய தாலிக்கொடியிலும் எப்போதும் இரண்டு மூன்று சேஃப்டி பின் கொழுவியிருக்கும். சேலை கட்டும் நாளில் யாருக்காவது உதவும் என்பாள். தாலியில் இரும்பு கூடாது என்று யாரோ சொன்னபோது, "அப்ப கோயில்ல உங்கட சேலை அவிழேக்க என்னட்ட வராதேங்கோ" என்று திருப்பிக் கொடுத்தவள். ஒரு பின்னைக் கழற்றித் தந்தாள். இரண்டு விரல் தூரத்தில் அது என் கையிலிருந்து துள்ளிப் போய்க் காந்தத்தில் விழுந்தது. குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன்.

"என்னைப் பொம்பிளை பாக்க வரேக்க இவ்வளவு சோதிக்கேல்லை" என்றாள்.

"அப்ப என்னட்டப் படிக்கல் இருக்கேல்லை."

சிரித்துக்கொண்டு பின்னைத் திருப்பிக் கொழுவிக்கொண்டாள்.

இரும்புப் பெட்டியை வெளியூரிலிருந்து வந்து தங்கும் ஆட்களுக்கான சின்ன அறையின் அலுமாரிக்குள் நிறுத்தினேன். வெஸ்ட்கேட் கடைத்தொகுதிக்குப் போய்க் கொங்கிரீட் ஆணிகள் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் துளை போட்டு இறுக்கினேன். பக்கச் சுவரில், நெஞ்சு உயரத்தில், காந்தத்தைப் பொருத்தினேன். இனி அதிகாரி வந்து பார்க்க வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள்.

இங்கேதான் எங்கள் ஆட்களால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பிழையைச் செய்தோம். வீட்டில் ஒரு இரும்புப் பெட்டி வந்திருக்கிறது. நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. அது வெறுமனே நிற்கிறது. அதுவரை எங்கள் வீட்டு நகைகள் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள், மாப்பைகளுக்குப் பின்னால் இருந்தன. யாழ்ப்பாணத்து வீட்டில் பிறந்த எவராலும் அந்த வெறும் பெட்டியை வாரக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவள் அட்டியலும் காப்புகளும் கொண்டுவந்தாள். மகளுடைய தோடுகளைக் கொண்டுவந்தவன் நான்தான். பழியை அவள்மேல் மட்டும் போடமாட்டேன். சிவப்பு வெல்வெட் பெட்டிகளை அடுக்கிப் பூட்டி, மாற்றுச் சாவியைக் கொண்டுபோய்ச் சாமித்தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்தோம். எங்கள் வீட்டுச் சாவிகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை.

அதிகாரி ஒரு பெண். அறுபதை நெருங்கியவர், கையில் ஒரு கோப்பு. வாசலில் எங்கள் செருப்புக் குவியலைக் கண்டதும், யாரும் சொல்லாமலே குனிந்து தன் சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தார். ஒரு காலுறையில் பெருவிரல் தெரிந்தது. என்னிடம் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு மனைவியோடு முன்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் குசினியில் நின்றேன். ஏற்கெனவே கழுவிய கோப்பைகளைத் திரும்பக் கழுவினேன். பேச்சுச் சத்தம் கேட்டது, சொல் கேட்கவில்லை. ஒரு இடத்தில் வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. யாரோ கேட்ட கேள்விக்கு யாரோ பதில் சொல்லாமல் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். 

கதவு திறந்து வெளியே வந்தார்கள். அதிகாரியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெட்டியைப் பார்க்கலாம் என்றார். போய்த் திறந்தேன். வெல்வெட் பெட்டிகள் சிவப்பாக அடுக்கியிருந்தன. அவை யாருடையவை என்று கேட்டார். என் மனைவியுடையவை என்றேன். அட்டியலைத் திறந்து காட்டினாள் மனைவி. அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கணவர் வேலைக்குப் போயிருக்கும்போது இதை எடுக்க வேண்டி வந்தால் என்ன செய்வீர்கள் என்று அந்தப் பெண் சாதாரணமாகக் கேட்டார்.

என் மனைவி அவரை அழைத்துக்கொண்டு சாமித்தட்டுக்குப் போனாள். பிள்ளையார் படத்தைச் சற்றே சாய்த்தாள். அங்கே மாற்றுச் சாவி இருந்தது. முகம் மலர்ந்து காட்டினாள்.

அதிகாரி கோப்பில் எழுதினார். நல்ல மனிதர், கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. சாவி அனுமதி பெற்றவரிடம் மட்டும்தான் இருக்க வேண்டும், வீட்டில் வேறு யாருக்கும் அது இருக்கும் இடம்கூடத் தெரியக்கூடாது, மனைவிக்கும் தெரியக்கூடாது என்று விளக்கினார். நகைகளை எடுத்துவிட்டு, சாவிக்கு ஒரு வழி செய்துவிட்டுக் கூப்பிடுங்கள், திரும்ப வருகிறேன் என்றார். சப்பாத்தைக் கட்டிக்கொண்டு போனார்.

கதவைச் சாத்தியதும் எனக்கு வந்த கோபத்தை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

"நீர் வேணுமெண்டுதானே காட்டினீர்?"

"கேட்டவ, காட்டினன். அதில ஒளிக்க என்ன இருக்கு?"

"உமக்கு அது வீட்டுக்க வரப்படாது. அதை எனக்குச் சொல்ல ஏலாம அந்த மனிசியைக்கொண்டு சொல்லுவிச்சிருக்கிறீர். கதவைச் சாத்திக்கொண்டு அவ்வளவு நேரம் என்ன கதைச்சனீங்கள்?"

"அதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை எண்டு அவ சொன்னவ."

அவ்வளவுதான். அவள் வெல்வெட் பெட்டிகளை அள்ளிக்கொண்டு போய்ப் பிஸ்கட் தகரத்துக்குள் வைத்தாள். மூன்று நாள் எங்களுக்குள் தேத்தண்ணி வேண்டுமா, குப்பைத்தொட்டி நாள் இன்றைக்கா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. மகள் வெலிங்டனில் படிக்கிறாள். தொலைபேசியில் நான் முறையிட்டதும், "அப்பா, யூ ஆர் பீயிங் ரிடிகுலஸ்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

கோபம் ஆறியபோது இன்னொரு கவலை வந்து உட்கார்ந்தது. இருபத்திரண்டு வருடத்தில் அவளிடம் நான் ஒளித்தது சீனி கூடின மருத்துவ அறிக்கை ஒன்றைத்தான். அதையும் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். இப்போது சட்டமே வந்து, உன் மனைவியிடம் ஒரு சாவியை ஒளி என்கிறது. வீட்டில் எங்கே ஒளித்தாலும் அவள் கூட்டித் துடைக்கும்போது கையில் படும். கடைசியில் இரண்டு சாவிகளில் ஒன்றை வங்கிப் பெட்டகத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, மற்றதை ஒரு கறுத்த நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். குளிக்கும்போதும் கழற்றவில்லை.

நாலாம் நாள் காலை, சட்டைப் பொத்தான் போடுவதற்கு முன் தோசை சாப்பிட உட்கார்ந்தேன். அவள் என் நெஞ்சைப் பார்த்தாள். சட்னியை வைத்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"இனி உங்களுக்கும் ஒரு கொடி" என்றாள். "கழட்டினா எனக்குக் கூடாது என்ன?"

இருவரும் சிரித்தோம். ஆனால் முன்னறையில் என்ன பேசினாள் என்று அவளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது எனக்குள் முள்ளாகவே கிடந்தது.

அதிகாரி இரண்டாம் முறை வந்து, வெறும் பெட்டியையும் காந்தத்தையும் பார்த்தார். காந்தத்தைத் தட்டிப் பார்த்து, ஏன் இது என்று கேட்டார். மனைவிக்குப் பார்த்ததும் தெரிய வேண்டுமாம் என்றேன். ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். சில வாரங்களில் அனுமதி வந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் துப்பாக்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. பூட்டிய கைப்பெட்டியோடு உள்ளே நுழைந்தேன். மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்தாள். சின்ன அறைக்கு எனக்குப் பின்னால் நடந்தாள். 

கழுத்துச் சாவியால் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். கைப்பெட்டியிலிருந்து துப்பாக்கியை எடுத்து, கழகத்தில் செய்வது போலவே, உள்ளே ஒன்றும் இல்லை என்று திறந்து காட்டினேன். "பாத்தீரோ?" என்றேன். "எங்க வைக்கப் போறீங்கள்?" என்று கேட்டுக்கொண்டு பெட்டிக்குள் குனிந்தாள்.

டிக் என்று ஒரு சின்னச் சத்தம். அவளுடைய தாலிக்கொடி முன்னால் தொங்கி, பின்கள் இரண்டும் துள்ளிப் போய்க் காந்தத்தில் ஒட்டிக்கொண்டன. அவள் தலை பெட்டிக்குள். கழுத்து அங்கே பிடிபட்டுவிட்டது. என் கையில் துப்பாக்கி.

நான் அதை அடித்தட்டில் வைத்துவிட்டு விடுவிக்கக் கையைக் கொண்டுபோனேன். அவள் பின்னால் இழுக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. இரும்புச் சுவரில் இரண்டு கையையும் ஊன்றியபடி நின்றாள். 

"பொறுங்கோ" என்றாள். "எண்ணெய் மணம்."

"புதுசு. அதுதான்."

"அரிசியில மணத்த அதே மணம்."

அப்படியே குனிந்த நிலையில், பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, சொல்லத் தொடங்கினாள். அவளுக்குப் பதினொரு வயது. பின்னேரம் அம்மா உலை வைத்துவிட்டு, மூன்று சுண்டு அரிசி அளந்து வா என்று அனுப்பியிருக்கிறார். அரிசி பெரிய தகர டிரம்முக்குள் இருந்தது. சுண்டை உள்ளே விட்டு அள்ளும்போது கை ஏதோ துணியில் பட்டது. துணிக்குள் கெட்டியாக ஒன்று. பிரிக்கவில்லை. பிரிக்காமலே என்னவென்று தெரிந்தது. அம்மாவிடம் ஓடினாள். அம்மா அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்: கையைக் கழுவிப்போட்டு வா.

"ஆரோ கொண்டந்து வைச்சிட்டுப் போயிட்டாங்கள். ஆரெண்டு கேக்க ஏலாது. எடுங்கோ எண்டு சொல்லவும் ஏலாது. பதினாலு நாள் அதுக்குள்ள இருந்துதான் அரிசி அள்ளினனாங்கள். சோறெல்லாம் இந்த மணம். ஆமி ரெண்டு தரம் வீட்டுக்க வந்து தேடினவங்கள், சப்பாத்துக் காலோட சாமி அறைக்கையும் போனவங்கள். டிரம்மைத் திறந்து பாத்தவங்கள், கையை விடேல்லை. பதினாலு நாளும் அம்மா படுக்கேல்லை. டிரம்முக்குப் பக்கத்தில இருந்தவ. பிறகு ஒருநாள் அது இல்லை. ஆர் எடுத்ததெண்டும் தெரியாது."

இருபத்திரண்டு வருடத்தில் இதை அவள் எனக்குச் சொன்னதில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் கதவடியில் கையைக் கழுவு என்று அவள் சொன்னபோது நான் ஈயத் தூசியை நினைத்துக்கொண்டிருந்தேன். என்மேல் எனக்கே வெறுப்பு வந்தது. 

"வாங்கின கடை அஞ்சு மணிமட்டும் திறந்திருக்கும்" என்றேன். "இப்பவே கொண்டுபோய்க் குடுத்துப்போட்டு வாறன்."

"நான் அந்தச் சொல்லுச் சொன்னனானோ?"

"சொல்லத் தேவையில்லை."

"பேசாம இருங்கோ." மெல்ல ஒரு கையைக் கொண்டுபோய், காந்தத்தைத் தொடாமல், தாலிக்கொடியிலிருந்து இரண்டு பின்னையும் கழற்றினாள். கொடி விடுபட்டது. பின்கள் அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றன. கட்டில் ஓரத்தில் போய் உட்கார்ந்து, கொடியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள்.

"அந்த மனிசி கதவைச் சாத்திப்போட்டு முதல் கேட்டது என்ன தெரியுமே? இந்த வீட்டில அது இருக்கிறது உங்களுக்குச் சம்மதமோ எண்டு. எனக்கு மறுமொழி வரேல்லை. கன நேரம் வரேல்லை. அவ பாத்துக்கொண்டு இருந்தவ, அவசரப்படுத்தேல்லை. கொண்டந்து வைச்சவங்கள் அம்மாட்டக் கேக்கேல்லை. தேடி வந்தவங்களும் கேக்கேல்லை. ஒருத்தி சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வந்து, கதிரையில இருந்து, என்னட்டக் கேக்கிறா. கேட்டபடியாத்தான் ஓம் எண்டனான்."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"அப்ப சாமித்தட்டில திறப்பைக் காட்டினது?"

"அது என்ர மொக்குத்தனம்" என்றாள். "நீங்களும் சேந்துதானே பிள்ளையாருக்குப் பின்னால வைச்சீங்கள்?"

துப்பாக்கியை எடுத்தேன். திரும்பவும் திறந்து காட்டினேன். அவள் எழுந்து வந்து குனிந்து, வெறுமையாக இருக்கிறது என்று தலையாட்டினாள். காந்தத்தில் வைத்தேன். டக். இரண்டு பின்னும் அதற்குப் பக்கத்தில். எடுக்கட்டுமா என்று கேட்டேன். கிடக்கட்டும் என்றாள். கதவைப் பூட்டினேன். சாவி என் நெஞ்சுக்குத் திரும்பியது.

"கொஞ்சம் சரியப்போறன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனாள். சனிக்கிழமை மதியத்தில் அவள் எப்போதும் ஒரு மணித்தியாலம் படுப்பாள்.

நான் குசினிக்குப் போய்க் கையைக் கழுவினேன். சவர்க்காரம் போட்டு இரண்டாம் முறையும் கழுவினேன். பிறகு நடைக்கூடத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். பெரிய எடையை வைத்துவிட்டு முள் நிற்பதற்காகக் காத்திருக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வது என் வழக்கம். அப்படித்தான் இருந்தேன். வெளியே மழை விட்டுவிட்டது. பக்கத்து வீட்டில் யாரோ புல்வெட்டியைத் தொடங்கி நிறுத்தினார்கள். கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. புரண்டு படுக்கிறாள். ஐந்து நிமிடம் போனது. பத்து நிமிடம் போனது. எழுந்து வந்து அந்த ஒரு சொல்லைச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

பிறகு சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து, முதலில் மெதுவாகவும் பிறகு வஞ்சகமில்லாமலும், குறட்டைச் சத்தம் கேட்டது.